படகில் வந்தவர்களைப் பரிசோதிக்கும்போது: முதல் மணித்தியாலத்திலிருந்து மூன்றாம் மாதம் வரை

2024 மார்கழியில் முள்ளிவாய்க்கால் கடலில் மீனவர்கள் கண்ட படகைக் கடற்படை திருகோணமலைக்குக் கொண்டுவந்தது. மியன்மாரின் ரோஹிங்யா மக்கள், நூறு பேருக்கு மேல், அவர்களில் பெண்களும் சிறு பிள்ளைகளும் நிறைய. அஷ்ரப் இறங்குதுறையில் இறங்கியவர்கள் நகரப் பாடசாலை ஒன்றில் தங்கவைக்கப்பட்டார்கள். சில நாட்களுக்குள் முல்லைத்தீவுக்கு மாற்றப்பட்டார்கள். அதற்குச் சரியாக இரண்டு வருடம் முன்பு, 2022 மார்கழியிலும் வடக்குக் கடலில் நூறு பேருக்கு மேல் இருந்த படகொன்று மீட்கப்பட்டது. வங்கக்கடலில் இயந்திரம் நின்றுபோன படகை நீரோட்டம் நம் கரைப்பக்கம் தள்ளிவிடுகிறது. ஆகவே இது திரும்பவும் வரக்கூடிய வேலை. அடுத்த முறைக்கு ஆயத்தமாக இருப்பதற்காகவே இந்தக் குறிப்பு.

பரிசோதனை என்றதும் ஊரிலும் அலுவலகங்களிலும் முதலில் எழும் கேள்வி, “என்ன வருத்தத்தைக் கொண்டு வந்திருக்காங்க?” என்பதுதான். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அதையே முதற் கேள்வியாக வைத்தால் வரிசை தலைகீழாகிவிடும். மலேரியாவுக்கும் காசத்துக்கும் இரத்தமும் சளியும் எடுத்துக்கொண்டிருக்கும்போதே, நாட்கணக்கில் சாப்பிடாமல் வந்த ஒருவர் கையில் சோற்றுப் பார்சலோடு உட்கார்ந்திருப்பார். அவருக்கு அன்றைய ஆபத்து நுளம்பும் அல்ல, கிருமியும் அல்ல, அந்தப் பார்சல்தான். எது ஒரு மணித்தியாலம் பொறுக்காது, எது ஒரு நாள் பொறுக்கும், எது ஒரு வாரம் பொறுக்கும் என்று பிரித்துக்கொண்டால் வேலை தானாகவே ஒழுங்குக்கு வரும்.

இறங்குதுறையில்

முதல் ஒரு மணித்தியாலத்தில் கேள்விப் படிவம் எதுவும் வேண்டாம். நினைவு தெளிவாக இருக்கிறதா, மூச்சு வேகமாக இருக்கிறதா, நகத்தை அழுத்தி விட்டால் 2 செக்கனுக்குள் இரத்தம் திரும்புகிறதா, கடைசியாக எப்போது சிறுநீர் போனது? இந்த நான்கையும் ஒருவருக்கு ஒரு நிமிடத்தில் பார்க்கலாம். நினைவு மங்கியவர், வலிப்பு வந்தவர், மூச்சு வாங்குபவர், வயிற்றுவலியோ இரத்தப்போக்கோ உள்ள கர்ப்பிணி ஆகியோர் அங்கிருந்தே அம்புலன்ஸில் பொது வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மற்றவர்களைக் காய்ச்சலும் தடிப்பும் உள்ளவர்கள், இருமல் உள்ளவர்கள், மிச்சப் பேர் என்று மூன்றாகப் பிரித்துக் காற்றோட்டமான இடத்தில் அமர்த்தினால் போதும். குடும்பத்தை மட்டும் பிரிக்கக் கூடாது. இருமும் தாயோடு பிள்ளையும் இருக்கட்டும், தாய்க்கு முகக்கவசம் கொடுத்தால் சரி.

நீர் கொடுப்பதில்தான் அவசரத்தில் பிழை நடக்கும். நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூளான ஜீவனி ஒரு பக்கற்றுக்கு ஒரு லீற்றர் கொதித்தாறிய நீர். அளவுச் சாடி இல்லாவிட்டால் கடையில் விற்கும் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலையே அளவாக வைத்துக்கொள்ளலாம். பலர் செய்யும் பிழை, பக்கற்றை ஒரு கோப்பைத் தண்ணீரில் கொட்டிக் கொடுப்பது. அப்போது உப்பு மிஞ்சி, வறண்ட பிள்ளை இன்னும் வறண்டுபோகும். ஓரளவு நீரிழப்புள்ள பிள்ளைக்குக் கணக்கு, கிலோவுக்கு 75 மில்லிலீற்றர், 4 மணித்தியாலத்தில். 12 கிலோ பிள்ளைக்கு 900 மில்லிலீற்றர். கரண்டியால் நிமிடத்துக்கு ஒரு வாய் கொடுக்க வேண்டும். சத்தி எடுத்தால் 10 நிமிடம் நிறுத்தி, இன்னும் மெதுவாகத் தொடரலாம். கடும் மெலிவுள்ள பிள்ளைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அந்தப் பிள்ளையை வார்ட்டில் வைத்து, அதற்குரிய கரைசலை இன்னும் மெதுவாகக் கொடுக்க வேண்டும்.

கடல்நீர் குடித்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். இரத்தத்தில் சோடியம் ஏறியிருந்தால் அதை அவசரமாக இறக்குவது மூளையை வீங்கவைக்கும். 24 மணித்தியாலத்தில் லீற்றருக்கு 10 மில்லிமோலுக்கு மேல் இறங்காதபடி பார்ப்பது பாதுகாப்பு. ஆகவே குழப்பமான நினைவோடு வரும் ஆளுக்கு இரத்தப் பரிசோதனை பார்க்காமல் சேலைன் போத்தல்களை அடுத்தடுத்து ஏற்றுவது உதவி ஆகாது.

கேட்காவிட்டால் வெளியே வராத இன்னொரு காயம் உண்டு. படகின் அடிப்பகுதியில் கடல்நீரும் கசிந்த எரிபொருளும் கலந்து கிடக்கும். பெண்களையும் பிள்ளைகளையும் பெரும்பாலும் நடுவில், அந்த நீரிலேயே உட்காரவைப்பார்கள். தொடையிலும் பின்புறத்திலும் தோல் வெந்துபோயிருக்கும். வெட்கத்தில் சொல்லமாட்டார்கள். ஒரு பெண் தாதியோ குடும்பநல உத்தியோகத்தரோ மறைவான இடத்தில் வைத்துக் கேட்க வேண்டும். நனைந்த உடுப்பை உடனே கழற்றி, சவர்க்காரமும் நல்ல தண்ணீரும் கொண்டு 20 நிமிடமாவது கழுவி, காய்ந்த உடுப்புக் கொடுக்க வேண்டும். உடுப்பு மாற்றாமல் மருந்து மட்டும் பூசினால், துணியிலுள்ள எரிபொருள் தோலைத் தொடர்ந்து எரித்துக்கொண்டே இருக்கும். இறங்குதுறைக்குக் கொண்டுபோகும் பொருட்களில் சாரம், நைட்டி, உள்ளுடுப்பு, துவாய் ஆகியன மருந்துப் பெட்டிக்கு அடுத்த இடத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

நாட்கணக்கில் ஈரத்தில் இருந்த கால் வெளிறி, ஊறி, மரத்துப்போயிருக்கும். அதைத் தேய்க்கவோ, சுடுநீரில் வைக்கவோ கூடாது. ஒற்றியெடுத்து, காயவைத்து, உயர்த்தி வைக்க வேண்டும். ஒரு கால் மட்டும் கெண்டையில் வீங்கி வலித்தால், மடங்கியே உட்கார்ந்திருந்ததால் இரத்தம் கட்டியிருக்கக்கூடும். அவரை நடக்கவிடாமல் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.

சோற்றுப் பார்சல்

திருகோணமலை பசித்தவரைப் பார்த்துச் சும்மா இருக்கும் ஊர் அல்ல. செய்தி பரவினால் அரை மணித்தியாலத்தில் பிரியாணியும் கொத்துரொட்டியும் பிஸ்கட்டும் வந்து குவியும். போரிலும் 2004 சுனாமியிலும் முகாமில் கையேந்தி நின்ற ஞாபகம் இங்கே எல்லா வீட்டிலும் இருக்கிறது. அந்த மனம் பெரியது. அதனால்தான் இதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பல நாள் பட்டினியில் உடல் கொழுப்பை எரித்து வாழப் பழகிவிடுகிறது. திடீரென்று மாப்பொருளும் சீனியும் உள்ளே போனால் இன்சுலின் பாய்ந்து, இரத்தத்திலுள்ள பொஸ்பேற், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றைக் கலங்களுக்குள் இழுத்துவிடும். விற்றமின் பி1 தீர்ந்துபோகும். சாப்பிட்ட முதல் நாள் ஆள் சிரித்துக் கதைப்பார். இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் கால் வீக்கம், படபடப்பு, மூச்சு வாங்கல், குழப்பம், தசைச் சோர்வு வரும். இதயம் தாறுமாறாக அடித்து நிற்கவும்கூடும்.

ஆபத்தில் உள்ளவரை அடையாளம் காண நான்கு கேள்விகள் உண்டு. 10 நாளுக்கு மேல் ஏறத்தாழ ஒன்றும் சாப்பிடவில்லையா? உடல் திணிவுச் சுட்டி 16க்குக் கீழா? சில மாதங்களில் எடையில் 15 சதவீதத்துக்கு மேல் போய்விட்டதா? இரத்தத்தில் மேற்சொன்ன உப்புகள் ஏற்கெனவே குறைவா? ஒன்றுக்கு ஆம் என்றாலே கவனம் வேண்டும். இப்படிப்பட்டவருக்கு முதல் நாள் கிலோவுக்கு 10 கலோரிக்கு மேல் வேண்டாம். 15 நாளுக்கு மேல் பட்டினி கிடந்தவருக்கு 5 கலோரி. 50 கிலோ ஆளுக்கு 500 கலோரி என்பது ஐந்தாறு வேளைகளாகப் பிரித்த சிறு கோப்பைக் கஞ்சிதான். ஒரு பிரியாணிப் பார்சல் ஒரே மூச்சில் அதைத் தாண்டிவிடும். உணவுக்கு முன்பே தயமின் (விற்றமின் பி1) மாத்திரை, பிறகு நாளுக்கு 200 முதல் 300 மில்லிகிராம், 10 நாள் வரை. நான்கிலிருந்து ஏழு நாளில் சாதாரண உணவுக்கு ஏற்றலாம். இரத்த உப்புகளைத் தினமும் பார்க்க முடியாத இடத்தில் இவர்களை வைத்திருக்காமல் வார்ட்டுக்கு அனுப்புவதே சரி.

ஊராரைத் தடுத்து நிறுத்துவதைவிட அவர்களிடம் வேலை கொடுப்பது நல்லது. நோன்புக் கஞ்சி காய்ச்சத் தெரிந்த கைகள் இந்த ஊரில் நிறைய. அதே கஞ்சியை இறைச்சியும் எண்ணெயும் குறைத்து, தேங்காய்ப்பாலைத் தண்ணியாக விட்டு, இத்தனை பேருக்கு இத்தனை மில்லிலீற்றர், மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு முறை என்று பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் கோவில் அன்னதானக் குழுவிடமும் எழுதிக் கொடுத்தால் அவர்கள் ஒழுங்காகச் செய்வார்கள். பார்சலாகத் தருவோரிடம், “நாலு நாள் கழித்துக் கொண்டு வாங்கோ, அப்ப கட்டாயம் தேவைப்படும்” என்று சொல்லித் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹலால் என்பதை உறுதிசெய்து, அதை அவர்களிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சிலர் சாப்பிடாமலே இருந்துவிடுவார்கள், நாம் அதைப் பசியின்மை என்று எழுதிவிடுவோம்.

ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையான பிள்ளைக்கு எடைத் தராசைவிட நாடா விரைவானது. இடது மேற்கையின் நடுவில் சுற்றளவு 11.5 சென்ரிமீற்றருக்குக் கீழ் என்றால் கடும் போசாக்கின்மை. 11.5 முதல் 12.5 வரை நடுத்தரம். இரு பாதங்களையும் பெருவிரலால் மூன்று செக்கன் அழுத்திப் பார்க்க வேண்டும். குழி விழுந்தால் நாடா என்ன காட்டினாலும் கடும் போசாக்கின்மைதான். வீங்கிய பிள்ளை கொழுத்த பிள்ளைபோலத் தெரிவதால் இது அடிக்கடி தவறிப்போகும். தாய்ப்பாலை எக்காரணத்துக்காகவும் நிறுத்தக் கூடாது. நன்கொடையாக வரும் பால்மா ரின்களை முகாமுக்குள் விடவும் வேண்டாம். போத்தல் அவிக்க வசதியில்லாத இடத்தில் அது வயிற்றோட்டத்துக்கு வழி.

மொழி

இங்கே கைவிடப்படுவது பெரும்பாலும் இதுதான். ரோஹிங்யா மொழி சிட்டகொங் பேச்சுக்கு நெருக்கமானது. டாக்காவின் எழுத்து வங்காளம் தெரிந்தவருக்குப் பாதிதான் விளங்கும். பர்மிய மொழி பலருக்குத் தெரியாது. எழுத வாசிக்கத் தெரியாதவர்கள் நிறையப் பேர், ஆகவே எழுதிய துண்டுப்பிரசுரம் வீண். உருது தெரிந்த மௌலவிமார், மத்திய கிழக்கில் வேலை செய்து ஹிந்தி பழகி வந்த கிண்ணியா, மூதூர் ஆட்கள் எல்லாரும் ஓடிவந்து உதவுவார்கள். சலாம் சொல்லி நெஞ்சாற்றுவதற்கும், சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்கும் அவர்கள் பெரிய பலம். எச்.ஐ.வி. பரிசோதனைக்குச் சம்மதம் கேட்க, கருக்கலைவு பற்றிக் கேட்க, இந்தப் பாலம் தாங்காது. அந்த வேலைக்குத் தொலைபேசி வழியாகப் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும். ஸ்பீக்கரில் போட்டு, நோயாளியின் பெயரைச் சொல்லாமல் கதைக்கலாம்.

கூட வந்தவர்களில் கொஞ்சம் ஆங்கிலமோ மலாயோ தெரிந்த ஒருவர் தானாக முன்வருவார். அவரை ஏற்கும் முன் யோசிக்க வேண்டும். ஆட்களை ஏற்றி வந்த முகவர்களில் ஒருவராக அவர் இருக்கலாம். அவர் முன்னால் ஒரு பெண் படகில் நடந்ததைச் சொல்லமாட்டாள். கணவன் மனைவிக்கும், பிள்ளை தாய்க்கும் மொழிபெயர்ப்பதும் அப்படியே. தாயின் இரத்தப்போக்கைப் பத்து வயதுப் பிள்ளை வாயால் கேட்பது அந்தப் பிள்ளைக்கும் காயம்.

சம்மதம் என்பது தலையாட்டல் அல்ல. சீருடையைக் கண்ட எவரும் தலையாட்டுவார்கள். “நாங்க இப்ப என்ன செய்யப்போறோம் என்று உங்கட வாயால சொல்லுங்கோ” என்று திருப்பிச் சொல்லவைத்தால்தான் விளங்கியதா என்று தெரியும். இரத்தம் எடுப்பதற்கும் அகதி விண்ணப்பத்துக்கும் தொடர்பில்லை, பரிசோதனையை மறுத்தாலும் மருந்து கிடைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். இலங்கை 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் ஒப்பமிடாத நாடு. தஞ்சம் கோருபவரைப் பதியும் வேலையை ஐ.நா. அகதிகள் முகவரகம் செய்துவந்தது. எந்தக் கதவில் என்ன நடக்கும் என்று தெரியாத மனிதருக்கு வைத்தியரும் பொலிஸும் ஒன்றாகவே தெரிவார்கள். பரிசோதனை அறைக்குள் காவலர் நிற்கக் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். கதவுக்கு வெளியே, பேச்சுக் கேட்காத தூரத்தில் நிற்கட்டும்.

பெயர் இன்னொரு பொறி. குடும்பப்பெயர் வழக்கம் இல்லை, ஒரே பெயர் பலருக்கு, பிறந்த திகதி பலருக்கு சனவரி 1. பெயரை மட்டும் எழுதிய இரத்தக் குழாய் நிச்சயம் மாறிப்போகும். முதல் நாளே கையில் எண் பட்டி, பதிவேட்டில் அதே எண்ணுடன் தகப்பன் பெயர், தாய் பெயர், கிராமம். ஒலியைக் கேட்டு ஒருவர் ஒரு விதமாக எழுதினால், அதே எழுத்தையே எல்லாரும் எழுத வேண்டும்.

வயதைச் சொல்லத் தெரியாத பையனின் மணிக்கட்டு எக்ஸ்ரேயைப் பார்த்து வயது தீர்ப்பதை ஏற்க முடியாது. அந்தக் கணக்கு இரண்டு வருடம் அங்குமிங்கும் போகும். சந்தேகம் என்றால் பிள்ளை என்றே கொண்டு, பெரியவர்களிடமிருந்து பிரித்துப் பாதுகாப்பான இடத்தில் வைக்க வேண்டும்.

முதல் வாரம்: எதைத் தேடுவது, ஏன்

மலேரியா இங்கு தனிக் கவனம் கேட்பது. இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் கண்டறியப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. நுளம்பு மட்டும் போகவில்லை. திருகோணமலை ஒரு காலத்தில் மலேரியாவால் வாடிய மாவட்டம் என்பது இங்குள்ள வயதானவர்களுக்குத் தெரியும். ஆகவே காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாருக்கும் முதல் நாளே விரைவுப் பரிசோதனையும் நுணுக்குக்காட்டிக்கான இரத்தப் பூச்சும் எடுக்க வேண்டும். மலேரியா தடை இயக்கத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். முதல் நாள் இல்லை என்று வந்தால் கோப்பை மூடிவிடுவதுதான் பிழை. வைவாக்ஸ் வகை ஈரலில் உறங்கிக் கிடந்து மாதங்கள் கழித்து எழும். அடுத்த ஒரு வருடத்தில் எப்போது காய்ச்சல் வந்தாலும் இரத்தம் பார்க்க வேண்டும் என்று அவரவர் அட்டையில் எழுதிவிடுங்கள். அதற்கான பிரைமாகுயின் 14 நாள் மாத்திரை. கொடுக்கும் முன் ஜி6பி.டி. என்ற நொதியின் குறைபாடு உண்டா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். கர்ப்பிணிக்குக் கொடுக்கவே கூடாது. எல்லாருக்கும் நுளம்புவலை முதல் இரவிலிருந்தே வேண்டும்.

ஆனால் மார்கழி, தைமாதக் காய்ச்சல் என்றால் நம்மூர் டெங்குவை மறக்க வேண்டாம். அவர்கள் கொண்டுவந்ததாக நாம் நினைக்கும் காய்ச்சல், நம் பாடசாலை வளவில் தேங்கிய மழைநீரிலிருந்து வந்திருக்கலாம். பரசிற்றமோல் மட்டும். இபுபுரூபன், டைக்ளோபெனக் வேண்டாம்.

காசத்துக்கு 2 வாரத்துக்கு மேல் இருமல், காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு என்ற நான்கும் நல்ல கேள்விகள்தான். பட்டினி கிடந்து வந்த எல்லாருக்கும் எடை குறைந்திருக்கும் என்பதால் அந்த ஒன்று இங்கே பயன் குறைவு. பெரியவர்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரேயும், சந்தேகமானவர்களுக்கு சளியில் ஜீன்எக்ஸ்பேர்ட் என்ற காசக் கிருமிச் சோதனையும் எடுத்து மார்புநோய் கிளினிக்கோடு இணைக்கலாம். கர்ப்பிணிக்கு வயிற்றை மறைத்து எடுக்கலாம், ஒத்திப்போட வேண்டியதில்லை. சளியை வகுப்பறைக்குள் எடுக்காமல் வெளியே மரத்தடியில் எடுக்க வேண்டும்.

சொறி சிரங்கு ஏறத்தாழ உறுதியாக இருக்கும். அதை ஒவ்வொருவராகப் பார்த்து மருந்து கொடுத்தால் ஒருபோதும் முடியாது. ஒரே நாளில், ஒரே மண்டபத்திலுள்ள அத்தனை பேருக்கும், அரிப்பு இல்லாதவருக்கும் சேர்த்துச் செய்ய வேண்டும். 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பு, கழுத்திலிருந்து பாதம் வரை, விரல் இடுக்கு, நகத்தடி, தொப்புள், மறைவிடம் எதையும் விடாமல். கைக்குழந்தைக்குத் தலையிலும். இரவு பூசி 8 முதல் 14 மணித்தியாலம் கழித்துக் குளிக்க வேண்டும். நடுவில் கை கழுவினால் கையில் திரும்பப் பூச வேண்டும். ஏழாம் நாள் இன்னொரு முறை. உடுப்பையும் படுக்கைத் துணியையும் சுடுநீரில் தோய்க்க முடியாத மழைநாளில் கறுப்புப் பொலித்தீன் பைக்குள் இறுக்கிக் கட்டி மூன்று நாள் வைத்தால் போதும். மருந்து வேலை செய்த பிறகும் இரண்டு நான்கு வாரம் அரிப்பு இருக்கும் என்று முன்பே சொல்லாவிட்டால், மருந்து சரியில்லை என்று நினைத்துக் கேட்டுக் கேட்டுப் பூசித் தோலைப் புண்ணாக்கிவிடுவார்கள்.

தடுப்பூசிக்குச் சுருக்கமான விதி: அட்டை இல்லாவிட்டால் போடவில்லை என்றே கொள்ளுங்கள். பங்களாதேஷ் முகாமில் பிறந்த சில பிள்ளைகளிடம் அட்டை இருக்கலாம். நனைந்து உதிர முன் படம் எடுத்து வையுங்கள். சின்னமுத்துத் தடுப்பு முந்த வேண்டும், ஏனென்றால் நெருக்கமான மண்டபத்தில் அதைவிட வேகமாகப் பரவுவது வேறில்லை. அதற்கான எம்.எம்.ஆர். தடுப்பூசி நம் அட்டவணையில் 9 மாதத்திலும் 3 வயதிலும். பெரிய பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் 4 வாரம் இடைவெளியில் இரண்டு. கர்ப்பிணிக்கு இல்லை. காசத்துக்குத் தோலில் செய்யும் மான்டூ பரிசோதனை செய்வதானால் அதே நாளில் செய்யுங்கள், அல்லது 4 வாரம் பொறுங்கள். தடுப்பூசிக்குப் பிறகு வரும் சில வாரங்களில் அது பொய்யாக இல்லை என்று காட்டும். சின்னமுத்தோ தொண்டைக்கரப்பனோ சந்தேகம் வந்தால் ஆய்வுகூட முடிவுக்குக் காத்திராமல் சுகாதார வைத்திய அதிகாரிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, தொற்றுநோயை அறிவிக்கும் எச் 544 படிவத்தை அனுப்ப வேண்டும்.

ஈரல் அழற்சி சி பற்றி நம்மிடம் பேச்சு குறைவு. பங்களாதேஷின் கொக்ஸ் பஜாரிலுள்ள ரோஹிங்யா முகாம்களில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நடத்திய ஆய்வில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அந்தத் தொற்று உயிர்ப்போடு இருந்தது. ஒரே ஊசி பலருக்குப் போடப்பட்டதே இதற்குப் பெரிய காரணமாகக் கருதப்படுகிறது. 12 வார மாத்திரையில் பெரும்பாலும் குணமாகும் நோய் இது. சோறு பகிர்வதால் பரவாது. இந்த முடிவை வைத்து ஒருவருக்குத் தனிக் கோப்பை வைப்பது அவரைக் கொல்லாமல் கொல்வதாகும்.

பெண்களுக்கான அறை தனி. குடும்பநல உத்தியோகத்தர் நம் கட்டமைப்பின் பெரிய கொடை. அவரையே முதல் முகமாக வைத்தால் மற்ற எல்லாம் இலகு. சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை, ஹீமோகுளோபின், இரத்த அழுத்தம், சம்மதத்தோடு சிபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல்., எச்.ஐ.வி. ஆகியன அன்றே செய்யக்கூடியவை. பாலியல் வன்முறை பற்றிக் கேட்பதானால், தனியாக, ஒரு தடவை, திறந்த கேள்வியாகக் கேளுங்கள். பதில் ஆம் என்றால் கொடுக்க எதுவும் இல்லாத நிலையில் கேட்கவே வேண்டாம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கு 72 மணித்தியாலம், கர்ப்பத் தடுப்புக்கு 120 மணித்தியாலம் என்ற எல்லைகள் உண்டு. வைத்தியசாலைகளில் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான நட்பு நிலையம் இயங்குகிறது. அங்கே ஒரு பெயர் தெரிந்த ஆளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால், அந்தப் பெண் ஒவ்வொரு மேசையிலும் திரும்பத் திரும்பச் சொல்லத் தேவையில்லை.

உடலில் பழைய அடிகாயம், வெட்டு, சூட்டுத் தழும்பு இருந்தால் உடல் வரைபடத்தில் இடமும் அளவும் குறித்து, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுங்கள். இஸ்தான்புல் நெறிமுறை என்ற சர்வதேச வழிகாட்டி இதற்கென்றே இருக்கிறது. 2022இல் திருத்தப்பட்டது. சட்ட வைத்திய அதிகாரிக்கு அனுப்புவது நோயாளியின் சம்மதத்தோடு. இந்த ஒரு தாள் பின்னாளில் அவரது தஞ்சக் கோரிக்கையில் பெரிய சான்றாகலாம்.

மனநலக் கேள்வித்தாளை முதல் நாள் நீட்ட வேண்டாம். பயந்து, நித்திரையில்லாமல், பசியோடு இருப்பவர் எல்லாக் கேள்விக்கும் ஆம் என்பார். முதல் வாரம் நித்திரைக்கு இடம், குடும்பம் சேர்ந்திருத்தல், ஊரில் உள்ளோருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. சில வாரம் கழித்தும் எழும்பாமல், பிள்ளையைத் தூக்காமல், சாப்பிடாமல் இருப்பவரைத் தேடிப் பார்க்க வேண்டும். சாக வேண்டும் என்று எண்ணமா என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை உண்டாக்காது. கடலில் ஆள் போய் உடல் கிடைக்காத வீடுகள் திருகோணமலையில் எத்தனையோ. ஜனாஸா இல்லாத துக்கம் என்னவென்று இங்கே விளக்கத் தேவையில்லை. ஒரு மௌலவியைக் கூப்பிட்டு, போனவர்களுக்காகத் தொழ இடம் கொடுப்பது மாத்திரைக்கு முன் செய்யக்கூடிய காரியம்.

இடம் மாற்றும் நாள்

நல்லபடி செய்த பரிசோதனையெல்லாம் உடைந்துபோவது பஸ் ஏறும் நாளில்தான். மாற்றம் பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல் வரும். ரிப்போர்ட் இங்கே, ஆள் முல்லைத்தீவில். பிரைமாகுயின் ஐந்தாம் நாளில் நின்றுபோகும். சளி முடிவு யார் கைக்கும் போகாது. அங்கே புதிதாகத் தொடங்கி அதே இரத்தத்தைத் திரும்ப எடுப்பார்கள். இரண்டாவது முறை ஊசி குத்தும்போது அவர்கள் நம்மேல் வைத்த நம்பிக்கை போய்விடும்.

ஆகவே முதல் நாளிலிருந்தே ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத் தாள் வளர வேண்டும்: எண், பெயர், பெற்றோர் பெயர், மொழி, ஒவ்வாமை, கண்டறிந்த நோய், கொடுத்த மருந்தும் எத்தனையாவது நாள் என்பதும், போட்ட தடுப்பூசியின் தொகுதி எண்ணும் அடுத்த திகதியும், வராத முடிவுகள், அவற்றைக் கேட்க வேண்டிய தொலைபேசி இலக்கம். ஒரு பிரதி ஸிப் பொலித்தீனில் அவரவர் கையில், ஒன்று பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையில், ஒன்று முத்திரையிட்டு அங்குள்ள வைத்தியருக்கு. காவலர் கையில் போகும் பெயர்ப்பட்டியலில் நோயின் பெயர் எதுவும் இருக்கக் கூடாது. எச்.ஐ.வி., பாலியல் வன்முறை பற்றிய விபரம் கையிலுள்ள தாளிலும் வேண்டாம், வைத்தியரிடமிருந்து வைத்தியருக்கு மட்டும். நாட்பட்ட வருத்தம் உள்ளவருக்கு இரண்டு வார மருந்து கையோடு. பலரின் நீரிழிவு, வலிப்பு மருந்துகள் படகிலேயே தொலைந்திருக்கும், அதனால் முதல் நாள் “தினமும் குளிசை போட்டீங்களா, என்ன நிறம்?” என்று கேட்டிருக்க வேண்டும்.

திருகோணமலையிலும் முல்லைத்தீவிலும் ஒவ்வொரு பெயர் குறித்த ஆள் இதற்குப் பொறுப்பாக இருப்பது நல்லது. பஸ் போய் இரண்டாம் நாள் ஓர் அழைப்பு, “14ஆம் எண்ணுக்கு மாத்திரை தொடருதா, 31ஆம் எண்ணின் சளி முடிவு இன்று வந்திருக்கு, எழுதிக்கொள்ளுங்கோ.” நாலாம் வாரம் இரண்டாம் எம்.எம்.ஆருக்கு ஓர் அழைப்பு. மூன்றாம் மாதம், எடை ஏறியதா, காய்ச்சல் எழும்பியதா, கர்ப்பிணிகள் எந்தக் கிளினிக்கில் பதிந்திருக்கிறார்கள் என்று இன்னோர் அழைப்பு.